லிலியேசி பாத்தி

தண்ணீர்விட்டான் கிழங்கு சாப்பிட்டால் வாந்தி வராது. திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு, பாடாலூரில் என் வீட்டு வாசலில் பைக்கைத் துடைத்துக்கொண்டே இதை நான் அடித்துச் சொன்னேன். போனில் கேட்டவன் அஜித்குமார். என் பழைய மாணவி சுகன்யாவின் கணவன். ஆலத்தியூரில் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவன்.

"நல்லாத் தெரியுமா சார்? சுகன்யாவுக்கு நடுச்சாமத்துலேருந்து நிக்காம வாந்தி. வயித்தால வேற போவுது. விடிஞ்சதும் பெரம்பலூருக்குக் கொண்டாந்து ஆஸ்பத்திரியில சேத்துட்டோம். என்ன சாப்ட்டாங்கன்னு டாக்டரம்மா கேக்குறாங்க. அந்தக் கிழங்கத் தவிர புதுசா ஒண்ணுமில்ல சார்."

"அது புள்ள பெத்தவங்களுக்குன்னே உள்ள கிழங்குப்பா. அஸ்பராகஸ் ரெசிமோசஸ். அதால ஒரு கெடுதியும் வராது. வேற என்ன சாப்ட்டான்னு பாரு. கொழம்பு பழசா இருந்திருக்கும்."

"அப்படியே டாக்டரம்மாகிட்டச் சொல்லிடவா சார்?"

"காலேஜ் பாட்டனி சார் சொன்னாருன்னு சொல்லு."

அவன் போய் அப்படியே சொல்லிவிட்டான். என் பேச்சுக்கு அவ்வளவு மரியாதை கொடுக்கிற ஆள் அந்த மாவட்டத்திலேயே அவன் ஒருவன்தான் இருப்பான். டாக்டரும் கிழங்கை விட்டுவிட்டு, கெட்டுப்போன சாப்பாட்டுக்கு உண்டான வைத்தியத்தை ஆரம்பித்தார். நான் பைக்கைத் துடைத்து முடித்தேன்.

என் பெயர் அறிவரசன். அப்பா ஆசையாக வைத்தது, அவரைக் குற்றம் சொல்ல முடியாது. பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற ரோட்டில் ஒரு கல்லூரியில் பதினோரு வருடமாகத் தாவரவியல் கௌரவ விரிவுரையாளர். கௌரவம் என்பது பட்டத்தில் மட்டும்தான். கோடை விடுமுறையிலும் மாணவர் சேர்க்கைக்கு விண்ணப்பம் வாங்க எங்களைத்தான் உட்கார வைப்பார்கள். அன்று அந்த எரிச்சலோடுதான் கிளம்பினேன்.

அந்தக் கல்லூரியில் எனக்கென்று ஒன்று உண்டென்றால், அது கட்டடத்துக்குப் பின்னால் இருக்கும் மூலிகைத் தோட்டம். வேறு கல்லூரிகளில் கண்டபடி நட்டு வைத்திருப்பார்கள். நான் குடும்பம் குடும்பமாக நட்டேன். தாவரங்களுக்கும் குடும்பம் உண்டு. பூவின் அமைப்பைப் பார்த்து இது இன்னாருடைய உறவு என்று வகுத்து வைத்திருக்கிறார்கள். துளசிக் குடும்பம் ஒரு பாத்தி, ஆமணக்குக் குடும்பம் ஒரு பாத்தி. ஒவ்வொரு செடிக்கும் இரும்புக் கம்பியில் ஒரு தகரப் பலகை. மேலே தமிழ்ப் பெயர், நடுவில் அறிவியல் பெயர், கீழே குடும்பம். பாத்தியைப் பார்த்தே பையன்கள் பாதிப் பாடத்தைப் படித்துவிடலாம் என்று பெருமை பேசிக்கொண்டிருந்தேன்.

ஏழாவது பாத்தி லிலியேசி. லில்லிக் குடும்பம். வெங்காயம், சோற்றுக் கற்றாழை, தண்ணீர்விட்டான், செங்காந்தள் என்று நான்கு பேர். அந்தப் பாத்திக்குக் குழி வெட்டி நட்டவள் சுகன்யா. அப்போது மூன்றாம் வருடம் படித்தாள். நட்ட கையோடு மண்ணைத் தட்டிவிட்டு என்னிடம் வந்தாள்.

"சார், இப்ப இதெல்லாம் ஒரே குடும்பம் இல்ல. பிரிச்சிட்டாங்க. செங்காந்தள் கோல்ச்சிகேசி. தண்ணீர்விட்டான் அஸ்பராகேசி. தனித்தனிப் பாத்தியில வெச்சிடலாமா சார்?"

"சிலபஸ்ல என்ன இருக்கு?"

"லிலியேசிதான் சார். ஆனா அது பழசு."

"பரீட்சைக்குப் பழசுதான் வரும். லிலியேசின்னு எழுது."

இன்டர்னல் தேர்வில் அவள் கோல்ச்சிகேசி என்றே எழுதினாள். நான் தப்பு போட்டேன். அவள் சொன்னது சரி என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் போட்டேன். தோட்டத்தில் எல்லார் முன்னாலும் ஒரு பெண் என்னைத் திருத்தியது எனக்குப் பொறுக்கவில்லை.

படிப்பு முடிந்து கல்யாணமாகி, பன்னிரண்டு நாளுக்கு முன்னால் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பூலாம்பாடியில் அம்மா மருதாயி வீட்டில் இருந்தாள். பால் ஊறவில்லை. குழந்தை கத்திக்கொண்டே கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் என்னைக் கூப்பிட்டாள்.

"சார், நம்ம தோட்டத்துத் தண்ணீர்விட்டான் இன்னும் இருக்கா? பால்ல அரைச்சுக் குடிச்சா ஊறும்னு நீங்கதானே பாடம் நடத்துனீங்க."

"இருக்கும்மா. ஆளனுப்பு. வாட்ச்மேன்கிட்டச் சொல்லிடுறேன்."

"அவரு ஆலத்தியூர்லேருந்து அந்த வழியாத்தான் வராரு. அவருக்குச் செடி கொடி தெரியாது சார்."

"அதுக்குத்தானே போர்டு வெச்சிருக்கு. படிச்சுப் பாத்துத் தோண்டச் சொல்லு."

அரை நிமிடப் பேச்சு. கூட வந்து காட்டுகிறேன் என்று ஒரு வார்த்தை எனக்கு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் முக்கியமாகத் தெரிந்தது.

திங்கட்கிழமை பத்தரை மணிக்கு, விண்ணப்பக் கட்டுகளுக்கு நடுவில் இருந்தபோது அஜித் மறுபடி கூப்பிட்டான். குரல் காலையில் கேட்ட குரலாக இல்லை.

"சார், பிரஷர் எறங்கிட்டே போவுதாம். சலைன் ஏத்தியும் நிக்க மாட்டேங்குது. மூச்சு ஒரு மாதிரியா வாங்குறா. இது சாப்பாட்டுக் கோளாறு மாதிரி தெரியலன்னு டாக்டரம்மா சொல்றாங்க. மறுபடியும் கேக்கச் சொன்னாங்க சார், அந்தக் கிழங்கு..."

அப்போதுதான், காலையிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன்.

"கிழங்கு பாக்க எப்படி இருந்துச்சு அஜித்? கொத்தா, வெரல் வெரலா தொங்குச்சா?"

"கொத்தெல்லாம் இல்ல சார். ஒவ்வொண்ணும் ரெண்டாப் பிரிஞ்சு, ஏர்க்கலப்பை மாதிரி இருந்துச்சு. நாலு கிழங்கு எடுத்தேன்."

விண்ணப்பக் கட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.

"மருதாயியம்மா பாத்தாங்களா அத?"

"முழுசாப் பாக்கல சார். நான் காலேஜ் பைப்புலயே கழுவி, தோலச் சீவி, துண்டு போட்டுக் கொண்டு போனேன். பச்ச ஒடம்புக்காரி வூட்ல அத்தைக்கு ஏகப்பட்ட வேலை. பாவமேன்னு."

மருதாயி ஜெயங்கொண்டம் பக்கம் கண்வலிக்கிழங்குக் காட்டில் வருடக்கணக்காகக் களை எடுத்தவள். முழுக் கிழங்கைக் கண்ணால் கண்டிருந்தால் முறத்தோடு தூக்கி எறிந்திருப்பாள். மருமகன் பாசமாகத் தோல் சீவி எடுத்துப் போனதால் அவளும் நம்பி அரைத்தாள்.

"அஞ்சு நிமிஷத்துல கூப்பிடுறேன்," என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துக்கு ஓடினேன்.

மே மாத வெயிலில் ஏழாவது பாத்தி வெறும் மண்ணாகக் கிடந்தது. செங்காந்தள் தை மாதத்திலேயே காய்ந்து மண்ணுக்குள் போய்விடும், அது அதன் குணம். தண்ணீர்விட்டான் வருடம் முழுக்க நிற்கிற கொடி. ஆனால் மாசியில் ஆய்வுக் குழு வருவதற்கு முன்னால், வருகிறவர்கள் புடவையில் முள் மாட்டும் என்று தரையோடு வெட்டச் சொல்லிவிட்டார்கள். வெட்டிய பிறகு தண்ணீர் விட ஆளில்லை. ஆக இரண்டு இடமும் மொட்டை, பலகைதான் அடையாளம். தண்ணீர்விட்டான் பலகைக்குக் கீழே அஜித் தோண்டிய குழி இருந்தது. குழாயடியில் பழுப்புத் தோல் சீவல்கள். அதற்கு நடுவில் அவன் நறுக்கி எறிந்த ஒரு நுனி. எடுத்துப் பார்த்தேன். நன்றாகத் தெரிந்தது. குளோரியோசா சூப்பர்பா. செங்காந்தள், கண்வலிக்கிழங்கு, கார்த்திகைப்பூக் கிழங்கு, எந்தப் பெயரில் கூப்பிட்டாலும் ஆளைக் கொல்கிற கிழங்கு.

நம்பிக்கை போகாமல் செங்காந்தள் பலகைக்குக் கீழே ஒரு கல்லால் கொத்திப் பறித்தேன். வெள்ளை வெளேரென்று விரல் விரலாகத் தண்ணீர்விட்டான் வேர்க்கொத்து வந்தது.

பலகை இடம் மாறியிருந்தது. எப்போது மாறியது என்பதும் எனக்கு உடனே தெரிந்துவிட்டது. ஆய்வுக் குழுவுக்காகப் பலகைகளைப் பிடுங்கி, புதிதாக பெயிண்ட் அடித்தார்கள். காய்ந்ததும் உதவியாளர் வீரமணி அத்தனையையும் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தார்.

"சார், கூட வந்து எது எங்கன்னு காட்டுங்க. எனக்கு இங்கிலீசுப் பேரெல்லாம் வெளங்காது."

எனக்கு அன்று பதினாறு கோப்பு முடிக்க வேண்டியிருந்தது. "குழியெல்லாம் அப்படியேதானே இருக்கு? பாத்தி வாரியா நட்டுட்டுப் போங்க வீரமணி," என்றேன். பாத்தி வாரியாக அவர் சரியாகத்தான் நட்டார். லிலியேசிக்குள் லிலியேசி. இரண்டையும் ஒரே பாத்தியில் வைத்தவன் நான். தனித்தனியாக வைத்திருந்தால் மாற வழியே இல்லை.

இனி நான் சொல்லப்போவது நான் செய்ததிலேயே கேவலமானது. அந்த வெயிலில் நின்று ஆஸ்பத்திரிக்குப் போன் செய்வதற்குப் பதிலாக, நான் முதலில் இரண்டு பலகைகளையும் பிடுங்கினேன். சரியான இடத்தில் மாற்றி நட்டேன். மண் இறுகிப் போயிருந்தது. கம்பி இறங்கவில்லை. செருப்புக் காலால் மிதித்து மிதித்து இறக்கினேன். இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். ஆஸ்பத்திரியில் ஒரு பெண் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருக்க, என் பெயர் கெடக்கூடாது என்று நான் தகரத்தை மிதித்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகுதான் போனை எடுத்தேன்.

"அஜித், அது கண்வலிக்கிழங்கு. நிச்சயமா. டாக்டரம்மாகிட்ட இப்பவே ஓடிப் போய்ச் சொல்லு. நான் கிழங்கோட வரேன்."

மறுமுனையில் ஓடுகிற சத்தம் கேட்டது.

பெரம்பலூருக்கு இருபது நிமிடம். எப்படி வண்டி ஓட்டினேன் என்று நினைவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் மருதாயி தரையில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டாக்டர் மணிமொழி என் கையிலிருந்த நுனியை வாங்கிப் பார்த்துவிட்டு, எத்தனை மணிக்குக் குடித்தது என்று கேட்டார்.

"நேத்து ஏழரை மணிக்குங்க," என்றாள் மருதாயி. "கசக்குதும்மான்னா. நான்தான் பனங்கல்கண்டப் போட்டு, புள்ளைக்காகக் குடிடின்னு குடுத்தேன். ரெண்டு டம்ளர்."

"குழந்தைக்குப் பால் குடுத்தாங்களா அதுக்கப்புறம்?"

"பாலே இல்லைங்களே. அதுக்குத்தானே அதக் குடுத்தோம்."

டாக்டர் கண்ணை மூடித் திறந்தார். "நல்லவேளை," என்றார். அந்த வீட்டில் இரண்டு வாரமாக எல்லோரையும் அழ வைத்த குறைதான் அந்தக் குழந்தையைக் காப்பாற்றியிருக்கிறது.

என்னைத் தனியாக அழைத்துக்கொண்டு போனார். "இதுக்கு மாத்து மருந்துன்னு ஒண்ணும் கெடையாது சார். உடம்பு தாங்குற வரைக்கும் ஒவ்வொரு உறுப்பாப் புடிச்சு வெச்சுக்கணும். இங்க முடியாது, திருச்சிக்கு அனுப்புறேன். கிட்னி, ரத்தம், இதயம், எல்லாத்தையும் அடிக்கும்."

"காலைல ஏழு மணிக்கே தெரிஞ்சிருந்தா?"

அவர் என்னை நேராகப் பார்த்தார். "அந்த பாட்டனி சார் நீங்கதானா?"

நான் தலையாட்டினேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"மூணரை மணி நேரம் முன்னாடியே அனுப்பியிருப்பேன்," என்றார். "ஒரு வாரம் தாண்டுனா நம்பிக்கை வரும். பொழைச்சவங்களுக்கு ரெண்டாவது வாரத்துல தலைமுடி கொட்டும். அது வரைக்கும் வந்துட்டாங்கன்னா தப்பிச்சாங்கன்னு வெச்சுக்கலாம். திருச்சியில காட்ட, செடி பேர நீங்களே எழுதிக் குடுத்துடுங்க. இன்னொரு தடவை தப்பு நடக்க வேணாம்."

ஒரு சீட்டில் எழுதினேன். பலகையில் எழுதுகிற மாதிரியே, பெயரும் கீழே குடும்பமும். எழுதி மடித்துக் கொடுத்தேன்.

சுகன்யாவை ஸ்ட்ரெச்சரில் கொண்டு வந்தார்கள். முகம் வற்றி, உதடு வெடித்து, ஒரே ராத்திரியில் பத்து வயது கூடிய மாதிரி இருந்தாள். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. ஏதோ சொன்னாள். குனிந்தேன்.

"குளோரியோசாவா சார்?"

"ஆமாம்மா."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். செங்காந்தள் விஷம் என்ன செய்யும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். நானே நடத்திய பாடம். அவளுக்குப் பயம் வராமல் இருக்கப் பொய் சொல்லக்கூட எனக்கு வழியில்லை.

ஆம்புலன்ஸ் வாசலில் மருதாயி வெடித்தாள். அதுவரை அழாமல் இருந்தவள்.

"பன்னெண்டாவது படிச்சவருதானே நீங்க. ஒரு போர்டப் படிக்கத் தெரியலையா? அவ்வளவு பெரிசா எழுதி வெச்சிருக்காங்களாம். எம்பொண்ணக் கொன்னுட்டீங்களே மாப்ள."

அஜித் நெற்றியில் அறைந்துகொண்டான். "படிச்சேன் அத்தை. தண்ணீர்விட்டான்னுதான் போட்டிருந்துச்சு. ரெண்டு தடவை படிச்சேன். இல்ல, பக்கத்துல தோண்டிட்டனா? வெளிச்சம் இருந்துச்சே. எனக்கே வெளங்கல." என் பக்கம் திரும்பினான். "நான்தான் தப்பாத் தோண்டிட்டேன்போல சார். மன்னிச்சிடுங்க. உங்க பேரயும் கெடுத்துட்டேன்."

என்னிடம் மன்னிப்புக் கேட்டான். அவன் போய்ப் பார்த்தாலும் பலகை இப்போது சரியான இடத்தில் இருக்கும். நான் வாயை மூடிக்கொண்டால் போதும். ஆயுசுக்கும் அவன் தலையில் அது கிடக்கும். அவள் பிழைத்தாலும் கிடக்கும், பிழைக்காவிட்டால் அவன் என்ன செய்துகொள்வானோ. அந்த ஒரு கணம் நான் பேசாமல்தான் நின்றேன். அதையும் மறைக்க விரும்பவில்லை.

டிரைவர் கதவைச் சாத்த வந்தான். நான் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"நீ சரியாத்தான் படிச்ச அஜித். சரியாத்தான் தோண்டுன. போர்டுதான் மாறிக் கெடந்துச்சு. மாசி மாசத்துலேருந்து அப்படித்தான் கெடக்கு, நான் பாக்கல. இன்னிக்கு அதப் பாத்த உடனே மாத்தி நட்டேன். நட்டுட்டு அப்புறந்தான் உனக்குப் போன் பண்ணேன்."

மருதாயியின் அழுகை நின்றது. அஜித் என்னையே பார்த்தான். அடிப்பான் என்று நினைத்தேன், அடித்தால் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தேன். அவன் என் கையைக் கதவிலிருந்து விலக்கினான். அவ்வளவுதான். வண்டி திருச்சி ரோட்டில் திரும்பிப் போனது.

அன்று மாலையே கல்லூரிக்குப் போய் ஏழாவது பாத்தியை அடியோடு தோண்டிக் கொட்டினேன். நடந்ததை ஒன்று விடாமல் எழுதி முதல்வரிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, இதை ஏன் எழுத்தில் கொடுக்கிறாய் என்று மட்டும் கேட்டார்.

அதற்குப் பிறகு வந்த நாட்களை எப்படிச் சொல்வது. அஜித் போனை எடுக்கவில்லை. நானும் இரண்டு தடவைக்கு மேல் கூப்பிடவில்லை. டாக்டர் மணிமொழியிடம்தான் விசாரித்தேன். மூன்றாம் நாள் சிறுநீர் நின்றுவிட்டது என்றார். ஐந்தாம் நாள் ரத்தத்தில் அணுக்களெல்லாம் இறங்கிவிட்டன, கேட்காதீர்கள் என்றார். ஏழாம் நாள் அவரும் எடுக்கவில்லை. பாடாலூர் வீட்டில் விண்ணப்பக் கட்டுகளை வைத்துக்கொண்டு, நான் வேண்டியதெல்லாம் ஒன்றுதான். ஒரு பெண்ணின் தலைமுடி கொட்ட வேண்டும். பைத்தியக்காரன் மாதிரி அதையே நாள் பூராவும் வேண்டிக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டாம் நாள் காலை, அஜித்தின் நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. எடுக்கவே எனக்குத் துணிச்சல் வரவில்லை. அடித்து நிற்கப்போகிற நேரத்தில் எடுத்தேன். அவன் இல்லை. காற்று மாதிரி ஒரு குரல்.

"சார். முடி கொட்டுது சார்."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"சீப்பே வேணாம் சார். கைய வெச்சாக் கொத்தா வருது. அம்மா அழுவுறாங்க. சார், இருக்கீங்களா?"

"இருக்கேம்மா," என்றேன். "கொட்டட்டும். எல்லாம் கொட்டட்டும். திரும்ப மொளைக்கும்."

அவள் மூச்சு வாங்கினாள். பின்னால் எங்கோ குழந்தை கத்துவது கேட்டது.

"அவரு உங்ககிட்டப் பேச மாட்டாரு சார்."

"பேச வேணாம்மா."

"கேஸ் ஷீட்டோட நீங்க எழுதுன சீட்டு வெச்சிருக்காங்க. இப்பத்தான் பாத்தேன். குடும்பம் லிலியேசின்னு எழுதியிருக்கீங்க."

அவசரத்தில் எழுதிய அந்தச் சீட்டு நினைவுக்கு வந்தது. அவள் சாகக் கிடந்தபோதும் என் கை பழசையே எழுதியிருக்கிறது.

"தப்பு சார் அது."

"தப்புதாம்மா," என்றேன். "கோல்ச்சிகேசி."

பிறகு யாரோ அவளிடமிருந்து போனை வாங்கி வைத்தார்கள்.